யாரிடம் பேசிப் பழகுகிறோம்?

ஆங்கிலத் திறனைக் கணினி வழியே அளக்கும் பிடிஇ அகாடமிக் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஒரு விதி உண்டு. தேர்வர் தொடர்ந்து 3 விநாடி பேசாமல் இருந்தால் பதிவு நின்றுவிடும். பதில் முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். படத்தைப் பார்த்து விவரிக்கும் கேள்வியில் யோசிக்க 25 விநாடி, பேச 40 விநாடி. அந்த நாற்பதுக்குள் பொருத்தமான சொல்லைத் தேடிக் கொஞ்சம் தயங்கினால், சொல் கிடைக்கும் நேரத்தில் அதைக் கேட்க எதிரே எதுவும் இருக்காது. இதைத் தேர்வு நடத்துவோரின் கொடுமை என்று சொல்ல வரவில்லை. உலகெங்கும் உள்ளவர்களின் குரலை ஒரே கோலால் அளக்க வேண்டுமென்றால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த விதிக்குத் தயாராவதற்காகக் கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு செயலியிடம் பேசிப் பழகுகிறவர்கள், ஆங்கிலத்தோடு சேர்த்து இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொள்கிறார்கள்: நிறுத்தாதே, யோசிக்காதே, ஏதாவது சொல்லிக்கொண்டே இரு. இந்தப் பாடம் சரிதானா என்பதை இலக்கணப் புத்தகம் தீர்த்துவைக்காது. பேச்சு என்பது என்ன, பேசுகிறவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்று கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

கருவிகள் செய்யும் நன்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஒரு பத்தியை வாசித்துக் காட்டினால் எந்தச் சொல்லில் அழுத்தம் பிசகியது என்று சிவப்பு நிறத்தில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஐஇஎல்டிஎஸ் என்ற மற்றோர் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பிரிவில் இரண்டாம் பகுதிக்குரிய 250 சொல் கட்டுரையைக் கொடுத்தால் சாட்ஜிபிடி பிழைகளை வரிவரியாக எடுத்துச் சொல்லி, எத்தனை பேண்ட் (மதிப்பெண் நிலை) வரும் என்று ஒரு மதிப்பையும் சொல்கிறது. நள்ளிரவில் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை, அதே தவறை இருபதாவது முறை செய்தாலும் குரலை உயர்த்துவதில்லை. காதைப் பழக்கவும் நாவைத் திருத்தவும் கடிகாரத்தோடு ஓடக் கற்கவும் இவற்றைவிட மலிவான வழி இதுவரை இருந்ததில்லை. என் வாதம் இந்த நன்மைகளுக்குப் பிறகு தொடங்குகிறது. பேச்சின் ஒரு பாதி மட்டுமே பேசுகிறவரிடம் இருக்கிறது. மறுபாதி கேட்கிறவரிடம் இருக்கிறது. நம் பேச்சை நம்பி ஏமாறவோ, அதனால் புண்படவோ, ஆறுதல் பெறவோ முடியாத ஒன்றிடம் எத்தனை மணி நேரம் பேசினாலும் அந்த மறுபாதி பழக்கத்துக்கு வராது. கருவியைக் கொண்டு தேர்வுக்குத் தயாராவதில் தவறில்லை. அதோடு நின்றுகொண்டு மொழி கைவந்துவிட்டது என்று நம்புவதுதான் தவறு. அந்தத் தவறு அறிவைச் சேர்ந்தது மட்டுமில்லை, அறத்தையும் சேர்ந்தது.

தமிழ் இலக்கண மரபுக்கு இது புதிய செய்தி ஆகாது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. எழுத்து, அசை, சீர், அடி என்று நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவையும் உறுப்புகளாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பது பாட்டுக்கு வெளியே இருக்கும் சூழல் என்று அந்த ஆசிரியர் கருதவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குக்கு மேல் வராது. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இந்தக் கணக்கை அப்படியே அளவையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் மிகப் பெரிய பங்கை அவர் எங்கே வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. கேட்டு அறிவதிலும் மனப்பாடம் செய்வதிலும் வைக்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டிய இன்னொரு மனிதருக்கு முன்னால் வைத்தார். இன்றைய செயலி முதல் காலைத் தாராளமாகத் தருகிறது, இரண்டாம் காலையும் ஓரளவு ஒப்பேற்றிவிடுகிறது. மீதி அரையைத் தந்ததுபோல் அது காட்டிக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். மனப்பாடமும், கேட்பவர் இல்லாத உருப்போடலும் நம் சமய மரபுகளின் அடித்தளமாகவே இருந்திருக்கின்றனவே, அவற்றைப் புனிதம் என்று கொண்டாடிவிட்டுத் தேர்வு மாணவர் உருப்போட்டு ஒப்பிக்கும் டெம்ப்ளேட்டை மட்டும் ஏன் இழிவாகப் பேச வேண்டும்? வேதம் ஓதுவோர் பதம், கிரமம், கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றிக் கோத்து ஒரு ஒலிகூடப் பிசகாமல் காத்தார்கள். பொருள் தெரிந்துதான் ஓத வேண்டும் என்று எல்லோரும் கேட்டதில்லை. அரபு மொழியில் உரையாடத் தெரியாத ஹாஃபிழ்கள் குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். மறுப்பு வலுவானதுதான். ஆனால் அந்த மரபுகளுக்கு உள்ளேயே இதைப் பற்றிய சச்சரவு இருந்தது என்பதை அது மறந்துவிடுகிறது. மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்சர் என்பவர் வாதிட்டதை, வேதச் சொற்களை விளக்கும் யாஸ்கரின் நிருக்தம் என்ற நூல் பதிவு செய்து, அதற்கு விடையும் சொல்கிறது. பொருள் அறியாமல் வேதத்தைக் கற்றவன் சுமை தாங்கி நிற்கும் கட்டை என்பது அந்த நூலின் கடுமையான தீர்ப்பு. சிவபுராணத்தை முடிக்கும் மாணிக்கவாசகரும், பொருள் உணர்ந்து பாடுவோரையே சிவபுரத்துக்கு உரியவராக்குகிறார். இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஓதுகிறவர் அந்தச் சொற்களைத் தாம் இப்போது உண்டாக்கியதாக யாரிடமும் சொல்வதில்லை. அவை கைமாறி வந்தவை என்பது ஓதுகிறவருக்கும் தெரியும், கேட்கும் ஊருக்கும் தெரியும், கடவுளுக்குத் தெரியாமலா போகும்! தேர்வறையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு வாக்கியமும், வெளியே சொல்லாவிட்டாலும், ஓர் உறுதிமொழியோடு வருகிறது: இதை நானே, இப்போதே, என் திறனால் அமைத்தேன்.

பொய் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு இந்த வேறுபாடு உதவும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு க்யூ கார்டு தருவார்கள். நீங்கள் ஒருவருக்கு உதவிய சந்தர்ப்பத்தை விவரியுங்கள் என்பதுபோல் ஏதாவது இருக்கும். ஒரு நிமிடம் குறிப்பெடுக்கலாம், பிறகு 2 நிமிடம் வரை பேசலாம். பலர் நடக்காத உதவியை நடந்ததாகச் சொல்கிறார்கள். மனசாட்சி உள்ள மாணவர்களுக்கு இது உறுத்துகிறது. உறுத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய அகுஸ்தீனார் வேடிக்கைப் பேச்சைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை என்பது கேட்பவருக்கே தெரிந்திருக்கும் என்பது அவர் காரணம். மேடையில் நடிகர் சொல்லும் வாக்குறுதிக்கு வாழ்க்கையில் உள்ள வலிமை கிடையாது என்று தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1962ல் வெளியான தம் உரைகளில் சொன்னார். தேர்வு மேசையும் ஒருவகை மேடைதான். அந்த உதவி நிஜமாக நடந்ததா என்று தேர்வாளர் விசாரிப்பதில்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம பங்காக மதிப்பிடுகிறார். ஆகவே கற்பனைச் சம்பவம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அந்தச் சம்பவத்தைச் செயலி எழுதிக் கொடுத்து, மாணவர் உருப்போட்டு, இடையிடையே யோசிப்பதுபோல் இழுத்தும் நிறுத்தியும் ஒப்பித்தால் மட்டும் அங்கே ஏமாற்று நுழைகிறது. கதை பொய்யாக இருப்பதில் குற்றமில்லை. கதையைச் சொல்லும் திறமை தன்னுடையது என்று காட்டுவதுதான் பொய். வேடிக்கை என்னவென்றால், தவறில்லாத இடத்தில் தவிக்கும் மனசாட்சி, தவறு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறது.

டெம்ப்ளேட் என்பது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: இந்தப் படம் இன்னதைப் பற்றிய தகவலைத் தருகிறது, இதில் மிக உயர்ந்த அளவு இன்னது, மிகக் குறைந்தது இன்னது, மொத்தத்தில் இந்தப் படம் மிகவும் பயனுள்ளது. வெற்றிடங்களில் படத்தில் கண்ணில் படும் சொற்களைச் செருகினால் போதும். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி வந்தாலும் நகரத்தின் வரைபடம் வந்தாலும் கடைசி வாக்கியம் மாறாது. தத்துவம் படித்தவர்களுக்கு இங்கே ஜான் சர்ல் 1980ல் முன்வைத்த சீன அறை நினைவுக்கு வரும். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துக் குறிகளை மாற்றி மாற்றி வெளியே தருகிறார். வெளியே நிற்பவர்களுக்கு அவர் சீனம் தெரிந்தவராகவே தோன்றுகிறார். கணினிக்குப் புரிதல் இல்லை என்று காட்டத்தான் சர்ல் இந்த உதாரணத்தை உண்டாக்கினார். டெம்ப்ளேட் கலாசாரம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. இப்போது அறைக்குள் இருப்பவர் மாணவர், வெளியே நின்று மதிப்பெண் போடுவது பெரும்பாலும் கணினி. புரிதல் இரண்டு பக்கமும் இல்லாமலே பரிமாற்றம் நடந்து முடிகிறது.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் கணினி மதிப்பீட்டின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். கட்டுரைகளைக் கணினி திருத்த முடியும் என்று எல்லிஸ் பேஜ் அமெரிக்காவில் 1966லேயே சொன்னார். கட்டுரையின் உள்ளார்ந்த தரத்தைக் கணினியால் நேரடியாகப் பார்க்க முடியாது, அந்தத் தரத்தோடு சேர்ந்தே வரும் வெளி அடையாளங்களை, அதாவது சொல்லின் நீளம், கட்டுரையின் நீளம் போன்றவற்றை எண்ணலாம் என்பது அவர் வழி. அவர் அந்த வரம்பை மறைக்கவில்லை. வரம்பை மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். எம்ஐடியைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் 2014ல் மாணவர்களோடு சேர்ந்து பேபல் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஓரிரு சொற்களைக் கொடுத்தால் அது நீண்ட, பகட்டான, தலையும் காலும் புரியாத ஒரு கட்டுரையைத் துப்பும். தானியங்கி மதிப்பீட்டு மென்பொருள்கள் அந்தக் குப்பைக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டன. அதற்குப் பிறகு மதிப்பீட்டு மென்பொருள்கள் எவ்வளவோ தேறிவிட்டன; பேபல் போன்றவற்றைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டன. ஆனால் எந்த அளவு தேறினாலும், எண்ணப்படும் அடையாளத்தை நோக்கித் தன்னை வளைத்துக்கொள்ளும் மாணவர் முன்னால் ஓடுவார், மென்பொருள் பின்னால் துரத்தும். இந்த ஓட்டத்தில் மாணவர் எதைச் சொல்ல விரும்பினார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது ஏழைகளின் சார்பில் வருவது. கோச்சிங் சென்டர் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு மனித ஆசிரியர் கிடைக்கிறார். தமிழ் வழியில் படித்து, வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாமலே வளர்ந்த பெண்ணுக்குக் கைபேசிதான் ஆசிரியர், அதுதான் தோழி, அதுதான் அகராதி. அவளிடம் போய் கேட்பவர் முக்கியம், மறுபாதி முக்கியம் என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவர் பேச்சு ஆகாதா? இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள். நம் ஊரில் ஆங்கிலம் பேசத் தொடங்குகிறவரை முடக்குவது இலக்கணத்தைவிடச் சிரிப்புதான். வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டு, அந்த ஒரு நாள் சிரிப்புக்காகப் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. செயலி சிரிக்காது. இதை மறுக்க எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. சிரிக்காத ஒன்றிடம் முதல் நூறு மணி நேரத்தைச் செலவிடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் வெட்கம் என்பது மனிதர்களைக் கண்டு வருவது. மனிதர்களிடம்தான் அது தீரவும் வேண்டும். திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். அவைக்கு அஞ்சாமல் மறுமொழி தருவதற்காகவே முறையறிந்து கற்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். கல்வியின் நோக்கத்தையே கேள்வி கேட்கக்கூடிய மனிதர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். சிரிக்காத பொறி, நாம் சொன்னது புரிந்து மகிழ்வதும் இல்லை. அந்த மகிழ்ச்சியை எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் கிடைக்கும் துணிச்சல், திரையில் தெரியும் பச்சை நிறக் குறியில் கிடைப்பதில்லை. ஏழைப் பெண்ணுக்குச் செயலி போதும் என்று திருப்திப்பட்டுக்கொள்வதுதான், யோசித்துப் பார்த்தால், வயிறு நிறைந்தவர் பேச்சு. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

பொறிக்குப் பாரபட்சம் இல்லை என்ற வாதத்துக்கு இவ்வளவு கனம் இல்லை. மனிதக் காது கொடுமை செய்ததற்குப் பழைய சான்று பைபிளிலேயே இருக்கிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் நதித்துறையில் காவல் நின்ற கீலேயாத்தியர், தப்பியோடி வருகிறவர்களை ஷிபோலேத் என்று சொல்லச் சொல்கிறார்கள்; முதல் ஒலியைச் சொல்ல வராத எப்பிராயீமியர் வெட்டப்படுகிறார்கள். 42,000 பேர் என்கிறது அந்தக் கணக்கு. காவல்காரன் இடத்தில் கணினியை வைத்தால் நீதி வந்துவிடுமா? பேச்சை மதிப்பிடும் மென்பொருள் வானத்திலிருந்து இறங்கியது இல்லை. மனித மதிப்பீட்டாளர்கள் போட்ட மதிப்பெண்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. அவர்களுடைய காது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தச் சாய்வு அதற்கும் வரலாம். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள, பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் 2017ல் ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்காகக் கணினித் தேர்வு எழுதி, பேச்சுப் பகுதியில் தேவையான 79க்குப் பதிலாக 74 பெற்ற செய்தி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. தேர்வு நிறுவனம் தன் மென்பொருளில் குறையில்லை என்றே சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட என்னை யோசிக்கவைப்பது வேறு: சாய்வுள்ள மனிதரிடம் காரணம் கேட்கலாம், வாதாடலாம், வெட்கப்படவும் வைக்கலாம்.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் என்னை மடக்கலாம். ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர் மனிதர்தான், ஆனால் வகுத்துக் கொடுத்த கேள்விகளை வகுத்துக் கொடுத்த நேரத்தில் கேட்கிறார். நீங்கள் சொன்ன சோகக் கதைக்காக அவர் வருந்துவதில்லை. அவரும் நீங்கள் சொல்லும் பொருளில் கேட்பவர் இல்லையே? உண்மைதான். குறை பொறியிடம் மட்டும் இருப்பதாக நான் சொல்லவில்லை. கேட்பவரை நீக்கிவிட்டுப் பேச்சை அளக்கலாம் என்ற எண்ணம் முதலில் தேர்வுமுறைக்குள் வந்தது. கருவி அதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மாற்று உண்டு என்பதற்கு மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு ஒரு சான்று. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக விரும்பும் தமிழ்நாட்டு, கேரளச் செவிலியர் பலர் எழுதும் தேர்வு அது. அதன் பேச்சுப் பகுதியில் நோயாளியாகவோ உறவினராகவோ ஒருவர் எதிரே உட்கார்ந்து நடிக்க, சுமார் 5 நிமிட உரையாடல் இரண்டு நடக்கும். 2018 முதல் மொழித் திறனோடு வேறு சிலவற்றையும் மதிப்பிடுகிறார்கள்: நோயாளியோடு உறவை ஏற்படுத்துகிறாரா, நோயாளியின் பார்வையைப் புரிந்துகொண்டு பேசுகிறாரா என்பவை அவற்றில் அடங்கும். இதுவும் நடிப்புத்தான். ஆனாலும் இங்கே, ஊசிக்குப் பயப்படும் கிழவர் பேச்சை நிறுத்தியதும் செவிலியர் என்ன செய்கிறார் என்பது கணக்கில் வருகிறது. அவர் பயத்தைச் சொல்லி முடிக்கட்டும் என்று 3 விநாடி, 5 விநாடி காத்திருப்பது அந்த இடத்தில் திறமை. வேறொரு தேர்வில் அதே காத்திருப்பு ஒலிவாங்கியை அணைத்துவிடும்.

நோயாளியாக நடிக்கவும் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பார்கள். பதில் சொல்கிறது, குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறது, கிழவரின் பயத்தைக்கூட ஓரளவு நடித்துக் காட்டுகிறது. அதற்குப் புரிகிறதா இல்லையா என்ற பெரிய சண்டைக்குள் போகாமலே இதற்கு விடை சொல்ல முடியும். புரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரையின் அளவை நான் தவறாகச் சொல்லிவிட்டால் அதற்கு எதுவும் ஆவதில்லை. கடுகடுத்தால் மறுநாள் அது என்னைத் தவிர்ப்பதில்லை. புரியாத சொல்லைச் சொன்னால், அவமானப்பட்டுக்கொண்டு புரிந்ததுபோல் தலையாட்டுவதும் இல்லை. வார்டில் கிழவர்கள் செய்வது பெரும்பாலும் அதைத்தான். நம் சொல்லால் இழப்பு நேரக்கூடிய ஒருவர் எதிரே இருக்கும்போது மட்டுமே சில திறன்கள் வளர்கின்றன: சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று முகத்தைப் பார்ப்பது, சேரவில்லை என்றால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வேறு விதமாகச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது. எந்தத் தேர்வுக்கும் இவை முழுமையாக அகப்படுவதில்லை. நன்னூலார் ஒதுக்கிவைத்த அந்த அரைப் பங்குக்குள் இவற்றையும் சேர்த்தே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி இதை வேறொரு வழியில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 என்பது அதன் விதி. 2023 பிப்ரவரி முதல், மிகச் சிறிய வித்தியாசத்தில் மதிப்பெண் தவறியவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறார்கள். அவர்கள் அந்த நாட்டின் மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஓராண்டாவது வேலை பார்த்திருந்தால், அவர்களுடைய ஆங்கிலத்தைப் பற்றி வேலை கொடுத்தவர் தரும் விவரத்தைக் கூடுதல் சான்றாகக் கொள்ளலாம். அரை பேண்ட் தவறியவரின் பேச்சைத் தினமும் கேட்டவர்களிடம் போய் விசாரிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டிலும் ஆபத்து இருக்கிறது. சான்று தருகிறவர் சம்பளம் தருகிறவராகவும் இருக்கிறார். தன்னிடம் மலிவாக வேலை செய்கிறவர் பதிவு பெற்று வேறிடம் போவதை அவர் விரும்பாமலும் இருக்கலாம். கேட்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தால் அவருடைய சுயநலமும் கூடவே வரும். அந்தச் சுயநலத்துக்கு எப்படிக் கடிவாளம் போடுவது என்பதை என்எம்சி இனிமேல்தான் அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.